பேனாவை நீட்டியவர்

அரபு நாடு ஒன்றின் உச்ச நீதிமன்றத்தில் நவ்ஃபல் என்ற மூத்த நீதிபதி இருந்தார். சட்டக் கல்லூரியில் அவரிடம் படித்தவர்கள் இன்னமும் அவரை உஸ்தாத் என்றுதான் அழைப்பார்கள். ஆசிரியர் என்று பொருள்.

அப்படிப் படித்த ஒருவர் சுஹைப். பத்து வருடம் கீழ் நீதிமன்றத்தில் இருந்துவிட்டு, போன வாரம்தான் பதவி உயர்ந்து அதே கட்டிடத்துக்கு வந்திருந்தார். தலை பாதி நரைத்துவிட்டது. முன்கோபம் மட்டும் நரைக்கவில்லை.

அன்று காலை நவ்ஃபல் ஒரு மரண தண்டனையை ரத்து செய்தார். அது சுஹைப் கொடுத்த தண்டனை. பெரியகருப்பன் என்ற தமிழ் லாரி ஓட்டுநர் தன் முதலாளி முனீபைக் கொன்றதாக வழக்கு.

சுஹைப் கதவைத் தட்டாமலே நவ்ஃபலின் அறைக்குள் வந்தார்.

"ஏன் ரத்து செய்தீர்கள், உஸ்தாத்?"

"வாக்குமூலத்தில் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருக்கிறது."

"ஒரு காலி இடத்துக்காகக் கொலைகாரனை விட்டுவிடுவதா?"

"விடவில்லை. வேறொரு நீதிபதி மறுபடி விசாரிப்பார். அவன் கொன்றானா என்று இங்கே நாம் பார்ப்பதில்லை. அவனை எப்படி விசாரித்தார்கள் என்றுதான் பார்க்கிறோம்."

"அவன் ஒப்புக்கொண்டான்! அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, அவ்வளவுதான். அரபியில் எழுதிய வாக்குமூலத்தை நானே நீட்டினேன். என் பேனாவை வாங்கித்தான் கையெழுத்துப் போட்டான். தயங்கவே இல்லை. முனீபின் மனைவி முகத்தில் நான் இனி எப்படி விழிப்பேன்?"

நவ்ஃபல் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"இருக்கட்டும். முதலில் இதில் ஒரு கையெழுத்துப் போடு."

"இது என்ன எழுத்து?"

"தமிழ்." தன் பேனாவை நீட்டினார். "போடு, நேரமாகிறது."

சுஹைப் எரிச்சலோடு போட்டுத் தள்ளினார். நவ்ஃபல் மணியை அடித்தார்.

கோப்புகளைத் தைக்கும் அசனா வந்தார். கீழக்கரைக்காரர், முப்பது வருடமாக அங்கே வேலை. காலையில் நவ்ஃபல் சொல்லச் சொல்ல அந்தத் தாளை எழுதியவரும் அவர்தான். எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

"படித்துச் சொல்லும், அசனா."

தாளின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் அசனாவுக்கு அரபு மறந்துபோனது. "அட அல்லாவே, இதுலயா கையெழுத்துப் போட்டிய?" என்று தமிழிலேயே கத்திவிட்டார். பிறகு அரபியில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"முனீபைக் கொன்றவன் நான்தான். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. சுஹைப்."

சுஹைபின் முகம் வெளுத்துவிட்டது. தாளைப் பிடுங்கினார். தன் கையெழுத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார். பக்கத்தில் நாற்காலி இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

"என்ன காரியம் செய்தீர்கள்! இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமல் ஏன் போட்டாய்?"

"நீட்டியது நீங்கள் ஆயிற்றே! உங்களை நம்பித்தானே போட்டேன்!"

நவ்ஃபல் தன் பேனாவை எடுத்து மூடினார்.

"அவனும் உன்னை நம்பித்தான் போட்டான்."