மஞ்சள் பூசிய சபை

முன்னொரு காலத்தில் மருங்கூர்ச் சீமையை மகிழவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் பல் விளக்கிய கையோடு மதுக் கிண்ணத்தைத் தேடுகிறவன். பத்து வருஷம் அப்படிக் குடித்ததில் அவன் உடம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

சபையில் காரணம் கேட்டான். முகஸ்துதியே பிழைப்பாகக் கொண்ட கனகராயர் முந்திக்கொண்டு, மன்னரின் மேனி பொன்னாக மாறுகிறது என்றார். மறுநாள் சபை முழுக்க முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. அதுதான் விசுவாசமாம். வெட்கக்கேடு.

மந்திரி பூதநாதர் மட்டும் பூசவில்லை. ராஜாவின் வயிறு உப்பியிருப்பதையும் கால் வீங்கியிருப்பதையும் பார்த்துப் பார்த்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மந்திரிக்கு மன்னர்மேல் பொறாமை என்று கனகராயர் வத்தி வைத்தார். பூசாததற்குத் தக்க காரணம் சொல்லாவிட்டால் தலை போகும் என்றான் ராஜா.

பூதநாதர் தண்ணீரும் பயற்றமாவும் வரவழைத்து, எல்லாரையும் முகம் கழுவச் சொன்னார். கனகராயரின் மஞ்சள் கரைந்து ஓடியது. ராஜாவின் மஞ்சள் அப்படியே இருந்தது.

"பார்த்தீர்களா, அசல் பொன்!" என்று குதித்தார் கனகராயர்.

"பொன் கண்ணுக்குள்ளும் ஏறுமா, ராயரே?" என்று கேட்டு, மந்திரி ராஜாவிடம் கண்ணாடியை நீட்டினார். ராயரின் விழி வெள்ளையாக இருந்தது. ராஜாவின் விழியும் மஞ்சள்.

"மன்னா, இது ஈரல் கெட்ட நிறம். நீங்கள் உண்பதும் குடிப்பதும் அதனிடம்தான் போய்ச் சேர்கிறது. நஞ்சை முறிப்பது அது. பித்தம் சுரப்பது அது. பசித்த வேளைக்குச் சத்தைச் சேர்த்து வைப்பதும் அதுதான். பாதி அழிந்தால்கூட வலிக்கிறது என்று சொல்லாமல் உழைக்கும். அது கெட்டால் உடம்பில் எதுவும் நன்றாக இருக்காது."

ராஜா கிண்ணத்தை வீசியெறிந்தான். கனகராயரை மறுபடி மஞ்சள் பூசிய முகத்தோடு ஊரைச் சுற்றிவரச் சொன்னான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான். சபை கலைந்ததும் மெல்லக் கேட்டான்.

"இனி தேறுமா, பூதநாதரே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?"

சொல்லியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன், ராஜாவின் ஈரல் வேலையை விட்டு ஓடிப்போக ஓலை எழுதிவைத்திருப்பதாக இதே சபையில் வேடிக்கையாகச் சொன்னார். ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, அவருக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, இன்னொரு கிண்ணம் கொண்டுவரச் சொன்னான். அன்றைக்குத் தானும் கூடச் சேர்ந்து சிரித்ததை நினைத்து, அந்த மாலையோடு மந்திரி அழுதார்.