மூன்று தையல்

மலையடிவாரத்தில், குதிரைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டிக்கு எதிரே, செசிலியின் தோல் பட்டறை இருந்தது. மேலே இருந்த ஊர்களுக்கு அப்போது சாலை கிடையாது. அரிசி, உப்பு, உரம், நோயாளி எல்லாம் குதிரை முதுகில்தான் போய்வர வேண்டும். குதிரை முதுகில் சேணம் இருக்கும். அந்தச் சேணம் சரியாமல் குதிரையின் வயிற்றைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பது ஒரு தோல் வார். செசிலி அந்த வார்களைத் தைத்தாள்.

அவளுக்கு வயது முப்பத்து நான்கு. அவளிடம் தொழில் பழகிய கோட்டைச்சாமிக்கு நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு வருஷம் தையல்காரராக இருந்தவர். மெல்லிய ஊசியில் நூல் கோக்கக் கண் மறுத்துவிட்டதும், பெரிய காதுள்ள ஊசியைத் தேடி இங்கே வந்து சேர்ந்தார். அவர் அவளை மேஸ்திரியம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

கோட்டைச்சாமிக்கு ஒரே பயம்தான். தான் தைத்தது அறுந்துவிடக் கூடாது. சட்டை பிரிந்தால் நாலு பேர் சிரிப்பார்கள், அதோடு போயிற்று. இங்கே பிரிந்தால் ஆள் விழுவான்.

ஒருநாள் கேட்டார். "மேஸ்திரியம்மா, எது நல்ல நூல்?"

"எதைத் தைக்க?"

"பொதுவா."

"பொதுவான மாடுன்னு ஒண்ணைப் பாத்திருக்கீங்களா அண்ணே?" செசிலி தன் முன்னால் விரித்திருந்த தோலை அவர் பக்கம் தள்ளினாள். "தொட்டுப் பாருங்க. வயித்துப் பக்கம் தொய்யும். முதுகுப் பக்கம் நிக்கும். ஒரே மாடுதான்."

கோட்டைச்சாமி தொட்டுப் பார்த்தார். வாருக்கு முதுகுத் தோல் என்று தன் பழைய அளவு நோட்டில் எழுதிக்கொண்டார். நூலைப் பற்றி எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த வாரம் செசிலி தன் தம்பி குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஊருக்குப் போனாள். அவள் போன மறுநாள், செவ்வாய்க்கிழமை, மலைராசு வந்து நின்றார். குதிரைக்காரர். கையில் நைந்துபோன பழைய வார்.

"புதுசா ஒண்ணு வேணும் அண்ணே. நாளைக்கே."

"மேஸ்திரியம்மா ஊர்ல இல்லையே."

"என் வீட்டுக்காரி பேச்சி காப்பித் தோட்டத்துல வழுக்கி விழுந்து கால் எலும்பை முறிச்சுக்கிட்டா. மூங்கில் வெச்சுக் கட்டியிருக்கு. எலும்பு டாக்டர் கீழ ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை மட்டும்தான் வர்றார். அன்னைக்குக் காலைல அவளைக் குதிரையில வெச்சு இறக்கணும்."

"நான் இன்னும் தனியா ஒரு வார்கூடத் தைக்கலைப்பா."

"ஒரு வருசமா இங்க உக்காந்து என்ன செய்றீங்க, பூக் கட்டுறீங்களா?"

கோட்டைச்சாமி ஒப்புக்கொண்டார்.

தோலை முதுகுப் பக்கத்திலிருந்தே எடுத்தார். அதில் தப்பு இல்லை. பிறகு நூல் பெட்டியைத் திறந்தார். செசிலி தன் கையால் முறுக்கி மெழுகு தேய்த்து வைத்திருந்த பருத்தி நூல் ஒரு பக்கம். யாரோ வலை பின்னுகிறவர் விட்டுப்போன நைலான் நூல் இன்னொரு பக்கம். இரண்டையும் கதவு வளையத்தில் கட்டி இழுத்துப் பார்த்தார். பருத்தி நூல் மூன்றாவது இழுப்பில் அறுந்தது. நைலானை இழுத்தபோது கதவின் கீல்தான் முனகியது.

அவருக்கு மனசு லேசாயிற்று.

வாரின் இரண்டு நுனிகளையும் இரும்பு வளையத்தில் மடித்துத் தைக்க வேண்டும். பாரம் எல்லாம் அந்த மடிப்பில்தான் நிற்கும். செசிலி ஒரு அங்குலத்துக்கு ஐந்து தையல் போடுவாள். கோட்டைச்சாமியின் கை சட்டைக் காலரில் பன்னிரண்டு போட்டுப் பழகிய கை. ஐந்துக்குப் பன்னிரண்டு என்றால் இரண்டு மடங்குக்கு மேல் பலம் என்று நினைத்தார். முதலில் ஒரு துண்டுத் தோலில் தைத்துப் பார்த்தார். பிறகு வாரில் தைத்தார். குத்தூசியால் துளை போட்டுப் போட்டு விரல் கன்றிப்போனது.

புதன்கிழமை மலைராசு வாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சங்கிலி பண்ணின மாதிரி இருக்கே!"

அன்று கோட்டைச்சாமி நன்றாகத் தூங்கினார்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் செசிலி வந்துவிட்டாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. பலகைமேல் கிடந்த துண்டுத் தோல் அவள் கண்ணில் பட்டது.

"இது என்ன அண்ணே?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பேச்சியின் கால், மலைராசுவின் அவசரம், கதவு வளையம், பன்னிரண்டு தையல். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"இந்த நூலை அறுங்க பாப்போம்."

அவர் நூலின் நுனியைக் கையில் சுற்றி இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். "வராது மேஸ்திரியம்மா."

செசிலி துண்டுத் தோலின் ஒரு விளிம்பைக் காலால் மிதித்தாள். மறு விளிம்பை இரு கைகளாலும் பிடித்துச் சட்டென்று இழுத்தாள். தையல் ஓடிய கோட்டிலேயே, அஞ்சல்தலைத் தாளைக் கிழித்ததுபோல், தோல் நேராகக் கிழிந்து வந்தது. நைலான் நூல் ஒரு புரிகூட அறாமல் தொங்கியது.

"நூல் நல்ல நூல்தான்," என்றாள்.

கோட்டைச்சாமி வாசல் வழியாக மலைப் பாதையைப் பார்த்தார். "இந்நேரம் கிளம்பியிருப்பாங்களே..."

"நடங்க."

செசிலி தோலையும் பழைய வளையங்களையும் பையில் போட்டாள். குத்தூசியையும், முனை மழுங்கிய இரண்டு ஊசிகளையும் போட்டாள். நூல் பெட்டியை மட்டும் அவர் முன் திறந்து வைத்துவிட்டு வாசலில் போய் நின்றாள். அவர் பருத்தி நூலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். எதை எடுத்தார் என்று அவள் பார்க்கவில்லை.

இருவரும் மலைப் பாதையில் ஏறினார்கள். கோட்டைச்சாமிக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் பள்ளத்தை எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பேச்சியை அவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவள் விழுவதை வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒன்றரை மணி நேரம் ஏறியபின், ஒரு திருப்பத்தில் குதிரை நின்றது. முதுகில் சேணம் இல்லை. சேணம் பாதை ஓரத்தில் குப்புறக் கிடந்தது.

கோட்டைச்சாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தா வந்துட்டார்ல டெய்லர்!" என்று மேலே இருந்து ஒரு குரல் வந்தது.

பாறைமேல் ஒரு பெண் மூங்கில் கட்டிய காலை நீட்டிக்கொண்டு கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மலைராசு, சட்டை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார்.

"ஆத்தாடி, இவர் ஏன் அழுறாரு? விழுந்தது கல்லுதானே?"

மலைராசு சொன்னார். அந்த மலையில் ஒரு வழக்கம். புது வார் கட்டினால் முதல் பாதி வழிக்கு ஆள் எடைக்குக் கல் மூட்டைதான் ஏற்றுவார்கள். அதுவரை பேச்சியைத் தன் முதுகில் சுமந்து வந்திருக்கிறார். இந்தத் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் சேணம் கழன்று, மூட்டை பள்ளத்துக்குள் போய்விட்டது.

"வாரைவிட என் வீட்டுக்காரர் முதுகு கெட்டி," என்றாள் பேச்சி. "அதுல தையல் இல்ல."

கோட்டைச்சாமி எழுந்து வந்தார். "என் மேலதான் தப்பு தாயி. நான்தான் தச்சேன்."

"பின்ன, குதிரையா தச்சது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே வாரை எடுத்துப் பார்த்தார். மடிப்பில் தோல் குறுக்கே இரண்டாகப் போயிருந்தது. நைலான் நூல் ஒரு தையல்கூட விடவில்லை. அதற்குமேல் அந்த வாரில் தைக்க எதுவும் மீதியில்லை.

அவர் புதுத் தோலையும் ஊசிகளையும் செசிலியிடம் நீட்டினார். அவள் பேச்சியிடமிருந்து ஒரு கொய்யாப்பழத்தை வாங்கிக்கொண்டு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டாள்.

வேறு வழியில்லை. அவரே வளையத்தை மாட்டி, தோலை மடித்து, முதல் துளையைப் போட்டார். குத்தூசி பழக்கத்தில் அதன் பக்கத்திலேயே போய் நின்றது. கையை எடுத்தார். செசிலி போடும் ஒரு தையல் நீளம் தள்ளி வைத்துக் குத்தினார். ஒரே நூலின் இரண்டு நுனியிலும் இரண்டு ஊசி. ஒரே துளைக்குள் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஊசி முனை மழுங்கியிருந்ததால் முதல் நூலைக் குத்திக் கிழிக்காமல் அதன் ஓரமாக நழுவிப் போயிற்று.

பேச்சி எட்டிப் பார்த்தாள். "என்ன இவ்வளவு தள்ளித் தள்ளி? என் பாவாடைக்கே இதைவிட நெருக்கமாப் போடுவீங்களே."

"பாவாடை உன்னைத் தூக்க வேண்டியதில்லையே தாயி."

செசிலி கொய்யாவைக் கடித்தபடி வேறு பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டு நுனியையும் தைத்து முடித்ததும் மறுபடி கல் ஏற்றிக் கொஞ்ச தூரம் நடத்திப் பார்த்தார்கள். வார் நின்றது. கல்லை இறக்கிவிட்டுப் பேச்சியை ஏற்றினார்கள். கீழே வரும்வரை கோட்டைச்சாமி வாரில் வைத்த கையை எடுக்கவே இல்லை. குதிரைக்கு அது கூச்சமாக இருந்திருக்க வேண்டும், வழியெல்லாம் வாலை வீசி அவர் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது டாக்டர் புறப்படத் தயாராக இருந்தார். புறப்படவில்லை.

நாலு மாதம் கழிந்தது. மழை நின்று, பாதை காய்ந்திருந்த ஒரு காலையில் மலைராசுவும் பேச்சியும் பட்டறைக்கு வந்தார்கள். பேச்சி லேசாகச் சாய்ந்து நடந்தாள். அவள் தோளில் வார் தொங்கியது.

"டெய்லரண்ணே, உங்க தையல் விட்ருச்சு."

கோட்டைச்சாமியின் கையிலிருந்த குத்தூசி நின்றது. "எங்க?"

"செங்குத்து இறக்கத்துல. நான் மேல உக்காந்திருக்கேன். என்னமோ தளர்ற மாதிரி இருந்துச்சு. நிப்பாட்டச் சொல்லி இறங்கிப் பாத்தா, மூணு தையல் அறுந்து தொங்குது. மத்தது நிக்குது. மேல ஒரு கயித்தைக் கட்டிக்கிட்டு நடந்தே வந்துட்டோம்."

செசிலி வாரை வாங்கி மடிப்பை விரித்துப் பார்த்தாள். விரலால் துளைகளைத் தடவினாள். தோலில் ஒரு கீறல் இல்லை. நூல் நைந்த மூன்று இடத்திலும் துளைகள் போட்டபடியே வட்டமாக இருந்தன. அவள் வாரை அவர் மடியில் வைத்தாள்.

"அறுந்ததை எடுத்துட்டு, அதே துளையில தைங்க அண்ணே."

அவர் வாரைத் தொடவில்லை. "ரெண்டாவது தடவை மேஸ்திரியம்மா. அன்னைக்கு நூலை இன்னும் கெட்டியா முறுக்கியிருக்கணும். முறுக்கியிருந்தா அறுந்திருக்காது."

"ஆமா, நூல் அறுந்திருக்காது, தோல் கிழிஞ்சிருக்கும்," என்றாள் செசிலி. பிறகு பேச்சிக்கு முக்காலியை இழுத்துப் போட்டாள். "இவங்களும் வந்திருக்க மாட்டாங்க."