வழித்தழையைத் தின்ற மான்

மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசி வந்த அந்தக் காலத்தில், மூங்கிலாற்றங்கரையிலிருந்து பேரருவிக்குப் போகும் காட்டு வழியில் ஏழு பிரிவுகள் இருந்தன. ஒவ்வொரு பிரிவிலும் பாதை இரண்டாகும். ஒன்று அகலமாக இருக்கும், மற்றது ஒற்றையடி. நான்கு பிரிவுகளில் அகலப் பாதைதான் அருவிக்குப் போகும். இரண்டாவது, ஐந்தாவது, ஆறாவது பிரிவுகளில் மட்டும் ஒற்றையடியில் திரும்ப வேண்டும்.

ஆற்றங்கரையில் பன்னிரண்டு வீடுகள். ஆண்டுக்கு ஒரு நாள், கோடை முடியும் முன், ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் முறை வரும்போது குழந்தைகளோடு அருவிக்கு நடந்து போவார்கள். அங்கே பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயும் முன் திரும்பிவிடுவார்கள். வீட்டுக்காரன் பானையும் அரிசியும் சுமந்து முன்னால் போவான். சின்னக் கால்கள் வந்து சேரும்போது பொங்கல் இறங்கியிருக்க வேண்டும் என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு.

முன்னால் போகிறவன், ஒற்றையடியில் திரும்ப வேண்டிய அந்த மூன்று இடங்களிலும் பச்சைத் தழை ஒரு கொத்து ஒடித்துப் பாதையின் வாயில் வைத்துவிட்டுப் போவான். அதற்கு வழித்தழை என்று பெயர். தழை இல்லாத பிரிவில் அகலப் பாதையிலேயே போக வேண்டும். வழித்தழையை யாரும் தொடக்கூடாது என்பது காடு முழுவதற்கும் பொதுவான கட்டளை. தொட்டவர் அந்தக் கோடை முடியும்வரை பொதுத் தண்ணீரில் வாய் வைக்க முடியாது.

அன்று நஞ்சன் வீட்டு முறை. விடிந்ததும் அவன் கிளம்பிவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவன் மனைவி ரங்கி மூன்று பிள்ளைகளோடு புறப்பட்டாள். மசணிக்கு ஒன்பது வயது, மாதனுக்கு ஆறு, பொம்மிக்கு மூன்று. பொம்மி பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்து எறும்பைப் பார்த்தாள்.

"இவ இப்படிப் பார்த்துக்கிட்டு வந்தா, நாம போறதுக்குள்ள அப்பா பானையைக் கழுவி வெச்சிடுவாரு" என்றான் மாதன்.

"நீ மூணு வயசுல எறும்பைப் பார்க்கல, தின்னே. பேசாம நட" என்றாள் ரங்கி.

இவர்கள் மூன்றாவது பிரிவில் இருந்தபோது, ஐந்தாவது பிரிவில் ஒரு புள்ளிமான் நின்றுகொண்டிருந்தது. அவள் சினையாகி ஆறு மாதம். அந்தக் கோடையில் புல் காய்ந்து போயிருந்தது. மரங்களில் இலை இருந்தது. ஆனால் கழுத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. இரண்டு நாளாக அவள் பட்டையைத்தான் கடித்துக்கொண்டிருந்தாள். கீழே, அவள் வாய்க்கு நேராக, நஞ்சன் வைத்துவிட்டுப் போன அத்தித் தளிர் கிடந்தது. எட்டு இலைகள்.

அது என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரியாது என்று பிறகு அவளும் சொல்லவில்லை.

ஓர் இலையை மட்டும் தின்றாள். ஏழு இருந்தால் போதும், வழி தெரியும் என்று நினைத்தாள். பிறகு ஆறு போதும் என்று தோன்றியது. அப்படியே போய்க் கடைசியில் காம்பும் மிஞ்சவில்லை.

வாயைத் துடைத்துக்கொள்வதற்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. புதருக்குப் பின்னால் போய் நின்றாள். ரங்கியும் பிள்ளைகளும் பிரிவுக்கு வந்தார்கள். ரங்கி ஒற்றையடியின் வாயைப் பார்த்தாள். தழை இல்லை.

"போன வருஷம் இங்கதானே திரும்பினோம்?" என்றாள் மசணி.

"அப்படித்தான் எனக்கும் இருக்கு. ஆனா தழை இல்லையே. உங்கப்பா தழை வெக்க மறக்கமாட்டாரு. வா" என்று ரங்கி அகலப் பாதையில் இறங்கினாள்.

அந்தப் பாதை சேற்றுக்குட்டைக்குப் போகிறது. தண்ணீருக்குப் போகும் கால்களெல்லாம் மிதித்து மிதித்துத்தான் அது அகலமானது. குட்டைக்கரை நாணலில் பகல் முழுவதும் புலி படுத்திருக்கும்.

மானுக்கு அது தெரியும். ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். ஆனால் கூப்பிட்டால், இங்கே வைத்த தழை எங்கே என்று கேட்பார்கள். பிறகு தண்ணீர் இல்லை. வயிற்றில் குட்டி புரண்டது. அவள் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

தலைக்கு மேலே ஒரு கிளை அசைந்தது. சாம்பல் மந்தி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"எட்டு இலை" என்றாள் மந்தி. "எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அக்கா, மேலேயிருந்து ஒரு சத்தம் போடு. அவங்க திரும்பிடுவாங்க" என்று மான் கெஞ்சினாள்.

"நாங்க நாள் முழுக்கப் பழத்துக்குச் சண்டை போட்டுக் கத்துறவங்க. என் கத்தலைக் கேட்டு யாரு நிப்பா? நீ போய்ச் சொல்லு. தின்ன வாய்தானே, பேசவும் பேசும்."

"சொன்னா எனக்குத் தண்ணி போயிடும்."

"சொல்லலேன்னா?" மந்தி கழுத்தை நீட்டிக் குட்டைப் பக்கம் பார்த்தாள். அவள் குரல் மாறிவிட்டது. "நாணல் அசையுது. எந்திரிச்சிட்டான். சின்னது ஒண்ணு ரொம்பப் பின்னால தங்கி நடக்குது."

மான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஆறு மாதச் சினையோடு புதரைத் தாண்டி ஓடினாள். அகலப் பாதையில் ரங்கிக்குக் குறுக்கே போய் நின்றாள். மூச்சு வாங்கியது.

"தாயி, திரும்பிடு. இது அருவிக்குப் போற வழி இல்ல. தழை இருந்தது. நான்தான் தின்னேன்."

ரங்கி அவளைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்தாள். இரண்டு பேர்தான் பக்கத்தில் நின்றார்கள். மூன்றாவது, இருபதடி பின்னால், நாணல் ஓரத்தில் எறும்புப் புற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரத்தில் மந்தி கத்தினாள். அது பழத்துக்குப் போடும் சத்தம் இல்லை. தொண்டை கிழிகிற மாதிரி, விட்டு விட்டு, ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தினாள். ரங்கி போய்ப் பொம்மியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "ஓடாதீங்க. என்கூடவே நடங்க" என்று மற்ற இருவரிடமும் சொன்னாள். நால்வரும் வந்த வழியே நடந்தார்கள். மான் அவர்களுக்கும் நாணலுக்கும் நடுவில் நடந்தாள்.

நாணலுக்குள்ளிருந்து புலியின் குரல் வந்தது. "ஊருக்கே சொல்லியாச்சு. இனிமே எனக்கு என்ன வேலை?" என்று சலித்துக்கொண்டு அவன் மறுபக்கமாகப் போய்விட்டான். பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் புலி துரத்துவதில்லை.

ஐந்தாவது பிரிவுக்கு வந்ததும் ரங்கி பொம்மியை இறக்கிவிட்டாள். மந்தியும் கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தாள்.

"கட்டளைப்படி இவளுக்குத் தண்ணி விலக்கு. நீதான் சொல்லணும்" என்றாள் மந்தி.

மான் தலையைக் குனிந்து நின்றாள்.

"பசிச்சா கேட்டிருக்கலாமேடி" என்றாள் ரங்கி.

"யாரைக் கேக்குறது? இங்க யாரும் இல்லையே."

"நாங்க வந்துக்கிட்டிருந்தோமே. நீ பின்னால திரும்பிப் பார்க்கல." ரங்கி மானின் வயிற்றைப் பார்த்தாள். "இதுக்கும் சேர்த்துத் தண்ணி விலக்க என்னால ஆகாது. ஆனா சும்மாவும் விடமாட்டேன். இனிமே நீ எதைத் தின்னாலும் ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கிப் பின்னால பாரு. யாராவது வர்றாங்களான்னு பார்த்துட்டு அடுத்த வாய் தின்னு. உன் பிள்ளைக்கும் அதையே சொல்லிக்கொடு."

மான் தலையசைத்தாள். மந்திக்கு என்னவோ போலிருந்தது. எட்டு இலை போகும்வரை அவளும் எண்ணிக்கொண்டு சும்மா இருந்தவள்தான். அதுவரை மந்திகள் ஓர் இலையைக்கூட மிச்சம் வைத்ததில்லை. அவள் பக்கத்துக் கிளையை ஒடித்து, பாதியைக் கடித்துவிட்டு, மீதியைக் கீழே போட்டாள்.

"தின்னு. வழியில கிடக்குறதைத் தொடாதே. என் மரத்தடிக்கு வா" என்றாள்.

ரங்கியும் பிள்ளைகளும் அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொங்கல் ஆறிப்போயிருந்தது. நடந்ததைக் கேட்ட நஞ்சன் பொம்மியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"கோடைக் காலத்துல அத்தித் தளிர்தான் கிடைச்சதா உங்களுக்கு?" என்றாள் ரங்கி. "அடையாளமா வெச்சீங்க? விருந்தல்லவா வெச்சிட்டு வந்திருக்கீங்க."

அந்த வாரமே பன்னிரண்டு வீட்டாரும் கூடிப் பேசினார்கள். மூன்று இடத்தில் மட்டும் வைப்பதை விட்டு, ஏழு பிரிவிலும் தழை வைப்பது என்று முடிவானது. அதையும் போகக் கூடாத பாதையின் குறுக்கே போட்டு, காம்பின் மேல் ஒரு கல்லை வைக்க வேண்டும். எந்தப் பிரிவிலாவது தழை காணோமென்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அதைத்தான் இன்றும் பார்த்து நடக்கிறார்கள்.

மந்தி இலை தின்னும் மரத்தின் கீழே மான்கள் கூடி நிற்பதும், மந்தி பாதி இலையைக் கீழே உதிர்ப்பதும், புலியைக் கண்டால் மேலேயிருந்து கத்துவதும் அதற்குப் பிறகு வந்த பழக்கங்கள். அன்று முதல்தான் புள்ளிமான் ஒரு வாய் தின்றதும் தலையை நிமிர்த்திப் பின்னால் பார்க்கிறது. புலிக்குப் பயந்து பார்க்கிறது என்று நாம் நினைக்கிறோம். தன் வாயிலிருக்கும் இலை வேறு யாருக்காவது வைத்ததா என்றுதான் அது பார்க்கிறது.