காரணம் எழுதும் கட்டம்

"மேடம், ஒரு கையெழுத்து வேணும்."

கேட்டவன் பெயர் உச்சிமாகாளி. தத்துவத்துறை, முதலாமாண்டு. சேர்ந்து ஆறு நாள்தான் ஆகிறது. அதற்குள் மேஜர் மாற்றும் படிவத்தோடு வந்து நிற்கிறான்.

பி.காம்.மில் ஒரே ஓர் இடம் காலி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் படிவத்தை ஆபீசில் கொடுத்தால் அவனுக்குக் கிடைக்கும். இல்லையென்றால் மூன்று வருஷம் இங்கேயே கிடக்க வேண்டியதுதான். விரும்பியா வந்தான் பாவம்? கவுன்சிலிங்கில் அவன் முறை வரும்போது எல்லாம் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது தத்துவம் ஒன்றுதான்.

தங்கபுஷ்பம் மேடத்துக்கு முப்பது வயசு இருந்தால் அதிகம். அவரும் இந்தக் கல்லூரிக்குப் புதுசு. படிவத்தை வாங்கி ஒரு தடவை வாசித்தார்.

"கையெழுத்துதான? போட்டுரலாம். காரணம் எழுதுற கட்டம் காலியா கிடக்கே."

"அது சும்மா மேடம். ஆபீஸ்ல யாரும் பாக்க மாட்டாங்க."

"நான் பாப்பேன்லா."

இது என்னடா வம்பு என்று நினைத்துக்கொண்டு எழுதினான்: தத்துவம் படித்தால் வேலை கிடைக்காது.

"யாரு சொன்னா?"

"எங்க மாமா."

"அவங்க தத்துவம் படிச்சவங்களோ?"

"இல்ல மேடம். ஜவுளிக்கடையில சூப்பர்வைசர்."

மேடம் பேனா மூடியைக் கழற்றினார். "கட்டத்துக்கு மேல என்ன போட்டிருக்கு? வாசி."

"மாணவர் கூறும் காரணம்."

வாசித்து முடித்ததும் அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது. பேனா தாளைத் தொடுவதற்குள் படிவத்தை இழுத்துக்கொண்டான்.

"நாளைக்கு வாரேன் மேடம்."

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாமாவிடம் கேட்டான்.

"மாமா, தத்துவம் படிச்சிட்டு வேலை இல்லாம இருக்க ஆளு யாரையாவது பாத்திருக்கீங்களா?"

மாமா யோசித்தார். "பாத்ததில்ல."

"வேலையோட இருக்க ஆளை?"

"அதுவும் பாத்ததில்ல."

"அப்புறம் எப்படிச் சொல்லுதீங்க?"

மாமாவுக்கு வந்ததே கோபம்! அடுப்படியைப் பார்த்துக் கத்தினார்: "எக்கா, காலேஜுக்குப் போயி ஒரு வாரம் ஆகல, குறுக்குக் கேள்வி கேக்கான் பாரு ஒம்மவன்! முதல்ல அவனை அங்கருந்து கெளப்பு!"

புதன்கிழமை அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதிக்கொண்டு போனான்: பாடம் புரியவில்லை.

"எது புரியல?"

"ஒண்ணுமே புரியல மேடம்."

"அதுல ஒண்ணே ஒண்ணு சொல்லேன்."

"முத நாளு கேட்டீங்கள்லா. எல்லாரும் வெளிய போயிக் கதவைச் சாத்திட்டா உள்ள நாற்காலி இருக்கா இல்லையா, இருக்குன்னா அது நமக்கு எப்படித் தெரியும்னு."

"சரியாத்தான சொல்லுத. இதுல எது புரியல?"

"கேள்வி புரியுது. பதில்தான்... நீங்க சொல்லவே இல்லையே."

"எனக்குத் தெரிஞ்சா சொல்லிருப்பேனே."

மாகாளிக்குப் பகீரென்றது. பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வாத்தியார்களைப் பார்த்துவிட்டான். தெரியாது என்று சொன்னவர் ஒருத்தர் கிடையாது. இப்படியும் ஒரு டீச்சர் உண்டுமா!

புரியவில்லை என்பதையும் அடித்தான்.

மத்தியானம் வகுப்பில் யாரும் இல்லை. மாகாளி வெளியே வந்து கதவைச் சாத்தினான். சட்டென்று திறந்தான். நாற்காலி இருந்தது. மறுபடி சாத்தினான். இன்னும் வேகமாகத் திறந்தான். அப்போதும் இருந்தது. மூன்றாவது தடவை சாத்தும்போது அருள்ராஜ் வந்துவிட்டான். பத்தாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. இப்போது பி.காம்.

"என்னலே பண்ணுத?"

"நாற்காலி இருக்கான்னு பாக்கேன்."

"அது எங்கல போவும்?"

"அதான் தெரியல."

அருள்ராஜ் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். "சீக்கிரம் கையெழுத்தை வாங்குல. முத்திப்போனா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

வியாழக்கிழமை எழுதினான்: என் நண்பன் அங்கே படிக்கிறான்.

மேடம் கேட்டார். "நாளைக்கே அவன் படிப்பை விட்டுட்டான்னா?"

"நானும்..." என்று ஆரம்பித்தவன் நின்றுவிட்டான். அருள்ராஜுக்காக உசிரைக்கூடக் கொடுப்பான். ஆனால் அவன் படிப்பிலிருந்து நின்றால் இவனும் நிற்பானா?

"நிக்க மாட்டேன் மேடம்."

அதையும் அடித்தான். கட்டத்தில் அதற்கு மேல் ஒரு புள்ளி வைக்கக்கூட இடம் இல்லை. மேடம் மேஜை டிராயரைத் திறந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

வெள்ளிக்கிழமை மணி மூன்று. மாகாளி கடைசி பெஞ்சில் புதுப் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெயர் எழுதியாயிற்று, வரிசை எண் எழுதியாயிற்று, அந்தக் கட்டம் மட்டும் வெள்ளையாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றரை ஆனதும் பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று மேஜைக்குப் போனான்.

"மேடம், நீங்க வேணும்னே இழுத்தடிக்கீங்க. டிபார்ட்மெண்ட்ல ஆள் குறைஞ்சிரும்னு உங்களுக்குப் பயம்."



மேடம் கோபப்படவில்லை. "பயந்தான். இருக்கதே பதினோரு பேரு. நீ போனா பத்து."

"அதான் கையெழுத்து போட மாட்டேங்கீங்க."

"போட மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

மாகாளி யோசித்தான். செவ்வாய்க்கிழமை படிவத்தை இழுத்துக்கொண்டது யார்? மூன்று காரணத்தையும் அடித்தது யார்? அந்தம்மா பேனாவும் கையுமாகத்தான் இருந்திருக்கிறார், மூன்று நாளும்.

குனிந்து எழுதினான்: எனக்குத் தெரியவில்லை.

மேடம் வாசித்தார். உடனே கையெழுத்துப் போட்டார்.

அவனுக்கு நம்பவே முடியவில்லை. "இதுக்குக் கேள்வி இல்லையா மேடம்?"

"ஒண்ணு இருக்கு. இதை யாரு சொன்னா?"

"நாந்தான்."

"அப்பச் சரி. ஓடு, மணியாகுது."

ஓடினான். ஆபீஸ் ஜன்னலில் அவன் முறை வரும்போது மணி மூன்று ஐம்பது. கிளார்க் படிவத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"தெரியவில்லையா? என்னடே இது? சரி, எதையோ எழுதித் தொலைச்சிருக்க."

மாகாளியின் ஃபைலைத் தேடி எடுத்து விரித்தார். மேலாக இருந்தது அவனுடைய சேர்க்கை விண்ணப்பம். மாகாளி ஜன்னல் கம்பிக்குள் தலையை நீட்டிப் பார்த்தான். பெயர், தகப்பனார் பெயர், ரத்த வகை, இடது முழங்கையில் இருக்கும் மச்சம் வரைக்கும் எழுதியிருந்தான். அவன் தேடிய கட்டம் மட்டும் இல்லை.

"சார், சேரும்போது காரணம் கேக்க மாட்டாங்களா?"

"சேருததுக்கு எவம்டே காரணம் கேப்பான்?"

"பி.காம்.ல சேருததுக்கும்?"

"எதுல சேருததுக்கும்தான். சீல் வைக்கவா, வேண்டாமா? பின்னால ஆள் நிக்காங்க பாரு."

மாகாளி நின்ற இடத்திலேயே நின்றான். பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்பதை மார்க் சொன்னது. எந்தக் காலேஜ் என்பதை பஸ் ரூட் சொன்னது. எந்த மேஜர் என்பதைக் கவுன்சிலிங் சொன்னது. ஏன்டா என்று அவனைப் பார்த்து ஒரு ஆள் கேட்டது இந்த நாலு நாளாகத்தான். அதையும் தொந்தரவு என்று நினைத்தானே! அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனசு லேசாக, சந்தோஷமாக இருந்தது.

"சார், அதை இங்க குடுங்க."

"என்னடே விளையாடுத? இப்ப வாங்குனா இடம் போயிரும்."

"போட்டும் சார்."

பின்னால் அதே மாதிரிப் படிவத்தோடு நின்ற பெண் அவனைக் கும்பிடாத குறையாக நகர்ந்து ஜன்னலுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலை மூடினார்கள்.

வகுப்பறைக் கதவு சாத்தியிருந்தது. மாகாளி மெதுவாகத் திறந்தான். நாற்காலி இருந்தது, அதில் மேடமும் இருந்தார். படிவத்தை மேஜையில் வைத்தான்.

"சீல் இல்லையே?" என்றார்.

"நாந்தான் வைக்க விடல மேடம்."

மேடம் அவன் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப எனக்கு இன்னொரு தொந்தரவு மேடம்" என்றான். "இங்க இருக்கதுக்கும் காரணம் தெரியலையே."

மேடம் படிவத்தைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்க வெள்ளை. அதை அவன் பக்கமாகத் தள்ளி, மேலே தன் பேனாவை வைத்தார்.

"மூணு வருசம் இருக்கு" என்றார். "மெதுவா எழுது."