கொக்கியிலிருந்து கொக்கி போனால்

ரெஜினா டீச்சர் இசக்கியம்மாளுக்குச் செய்தது அநியாயம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பில் அவள் கேட்டது ஒரே கேள்வி. ஒன்றைப் பூஜ்யத்தால் ஏன் வகுக்கக் கூடாது? வகுத்தால் வருவதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டுப் போவோமே.

கரும்பலகையில் தூண்டில்முள் மாதிரி ஒன்றை வரைந்தாள். ‘கொக்கி’ என்று பெயரும் வைத்தாள்.

“சரி, உன் கொக்கியோட ஒண்ணைக் கூட்டு” என்றார் டீச்சர்.

“பின்னத்தைக் கூட்டுற மாதிரி கூட்டினா திரும்பவும் கொக்கிதான் வருது டீச்சர்.”

“இப்ப ரெண்டு பக்கமும் கொக்கியைக் கழி.”

கழித்தாள். ஒன்றும் பூஜ்யமும் சமம் என்று வந்து நின்றது.

“பாத்துக்கிடுங்க பிள்ளைகளா. இவ கணக்குப்படி இங்க ஒருத்தருமே இல்ல. வீட்டுக்குப் போலாம்.”

வகுப்பே சிரித்தது. மறுநாள், டீச்சர் எழுதிக் கொடுத்தபடி, அவளை வணிகவியல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

பக்கத்து அறைதான். இரண்டு வருடம் சுவரோரம் உட்கார்ந்து அவள் கேட்டதெல்லாம் ரெஜினா டீச்சரின் குரல். அவர் அந்தப் பக்கம் கேள்வி கேட்பார். இவள் இந்தப் பக்கம் உதட்டுக்குள் பதில் சொல்வாள். சரியான பதில்தான். யாருக்குத் தெரியும்?

பிறகு தனித்தேர்வராகக் கணக்கு எழுதி, கல்லூரி முடித்து, ஆராய்ச்சிக்கும் போய்விட்டாள்.

பத்து வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் டீச்சரின் அதே கணக்கு வகுப்பறைக்கு வந்தாள். டீச்சர் தனியாக விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

வணக்கம் சொன்னதோடு சரி. நேரே கரும்பலகைக்குப் போய் வரிவரியாக எழுதினாள்.

“கொக்கி இருக்கலாம் டீச்சர். ஒண்ணும் இடிஞ்சு விழாது. கணக்குல சக்கரம்னு ஒரு அமைப்பே கட்டி வெச்சிருக்காங்க. அதுலதான் நான் ஆராய்ச்சி பண்றேன்.”

“அப்ப ஒண்ணும் பூஜ்யமும் சமமாயிடாதா?”

“ஆகாது. பழைய விதி சிலதை விடணும், அவ்வளவுதான். கொக்கியில இருந்து கொக்கியைக் கழிச்சா பூஜ்யம் இல்ல.”

“பின்ன?”

“அது வேற ஒண்ணு. அதோட எதைக் கூட்டினாலும் அதுவாவே நிக்கும்.”

டீச்சர் எழுந்து வந்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். ஒரு வரியில் நின்றார். மறுபடி மேலே போய் முதலிலிருந்து வந்தார்.

“சரியாத்தான் இருக்கு. அன்னைக்கு எல்லாரையும் சிரிக்க வெச்சது தப்பு. உன்னை மாத்தினது அதைவிடத் தப்பு. மன்னிச்சுக்கோ இசக்கி.”

இதைக் கேட்கத்தான் வந்தாள். சண்டை போட்டு வாங்குவதற்கு என்னென்னவோ தயார் செய்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை.

மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய இடம். ஜன்னல் வெயில் பழையபடியே மேசையில் சாய்ந்து விழுந்தது. சாக்பீஸ் வாசனை. இங்கே அவள் இருந்திருக்க வேண்டிய இரண்டு வருடம்.

“நீங்க சொல்லிட்டீங்க டீச்சர். ஆனா அது போகலையே. அப்படியே இருக்கு.”

கரும்பலகையில் கொக்கியிலிருந்து கொக்கியைக் கழித்திருந்த வரியில் டீச்சர் விரல் வைத்தார்.

“கழிச்சா பூஜ்யம் வரும்னா நெனச்சே?”