கழற்றிய பாகம்

கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்டுத் தருவது ரெஜினாவின் தொழில். வயது முப்பத்துநான்கு. கரூரில் ஒரு மாடியறையில் கடை.

அவரிடம் தொழில் கற்க வந்த தணிகாசலத்துக்கு ஐம்பத்தொன்று. முப்பது வருடம் டிவி மெக்கானிக்காக இருந்தவர். அந்தப் பிழைப்பு படுத்துவிட்டதும், கூச்சப்படாமல் படியேறி வந்து நின்றார். வயதைச் சொல்லி யாராவது சிரித்தால் முறைப்பார். ரெஜினாவுக்குப் பிடித்த முறைப்பு அது.

சனிக்கிழமை காலை பூங்கோதை ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கிணற்றுப் பாசன விவசாயிகள் சங்கத்தின் செயலாளர்.

"திங்கக்கிழமை கேஸுங்க. ஆத்துல சாயத்தண்ணி விடுற ஆலை மேல போட்டது. இருபத்துமூணு கிணறு, ஏழு வருஷம், மாசாமாசம் எடுத்த உப்பு அளவு அத்தனையும் இதுக்குள்ளதான் இருக்குதுங்க."

"நோட்டுல இல்லையா?" என்றார் தணிகாசலம்.

"இருந்துச்சு. சங்கத்துக் கொட்டகையோட எரிஞ்சு போச்சு. யாரு தீ வெச்சாங்கன்னு போலீஸ் இன்னும் தேடிக்கிட்டே இருக்குதுங்க."

போன வாரம் இடி இறங்கியதில் லேப்டாப்பின் போர்டு போய்விட்டது. வேறொரு கடையில் புதுப் போர்டு மாற்றினார்கள். அன்றிலிருந்து டிஸ்க் திறக்கவில்லை. வழக்கமான பாஸ்வேர்டு போடும் இடமே வரவில்லை. பூட்டிய டிஸ்க்கை அவசரத்துக்குத் திறக்கும் நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்றைக் கேட்டு நின்றது.

"அந்த எண் எங்க?" என்றார் ரெஜினா.

பூங்கோதை தரையைப் பார்த்தார். "மொத நோட்டு அட்டைக்குள்ள ஒட்டி வெச்சிருந்தேனுங்க."



தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. "பூட்டினவங்களே வந்து நிக்கிறாங்க. அவங்களுக்கே திறக்கலைன்னா அந்தப் பூட்டு எதுக்கு மேடம்?"

ரெஜினா லேப்டாப்பைக் கவிழ்த்து அடியில் இருந்த திருகுகளைப் பார்த்தார்.

"உடைச்சிருவோம்," என்றார் தணிகாசலம்.

"உடையாது."

"அழிச்சிட்டுப் புதுசா போட்டா வேலை செய்யும்னு அந்தக் கடைக்காரன் சொன்னானாம்."

"செய்யும். கிணறு எதுவும் இருக்காது."

பூங்கோதை நிமிர்ந்தார். "வாய்தா வாங்கலாம்னு வக்கீல் சொல்றாரு. முடியாதுன்னுட்டேன். ஏழு வருஷமா வாய்தாதான் குடிச்சுக்கிட்டு இருக்கோம். வெறுங்கையோட வேணா போய் நிப்பேன், வாய்தா கேக்க மாட்டேன்."

ரெஜினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "கழட்டின பழைய போர்டு எங்க இருக்கு?"

"அதை எந்தக் கடைக்காரன் வெச்சிருப்பான்? குப்பைக்குப் போயிருக்கும்," என்றார் தணிகாசலம்.

பூங்கோதை மஞ்சள் பையில் கைவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை எடுத்தார். "மோட்டார் ரிப்பேருக்குப் போனாலும் கழட்டுன சாமானைக் கையோட வாங்கிட்டு வந்துருவோமுங்க. விட்டுட்டு வந்தா, நல்லதைக் கழட்டி வெச்சுக்கிட்டு கெட்டதை மாட்டி விட்டாங்களோன்னு ராத்திரி தூக்கம் வராது. அந்தக் கடைக்காரப் பையன் சிரிச்சான். சிரிச்சுட்டுப் போறான்னு வாங்கிட்டு வந்துட்டேன்."

ரெஜினா பொட்டலத்தைத் தணிகாசலத்தின் முன் வைத்தார்.

"திறக்கறதுக்கான சாவி இந்தப் போர்டுல ஒரு சில்லுக்குள்ள இருக்கு. அந்த டிஸ்க்குக்கு இதைத்தான் தெரியும். புதுப் போர்டு அதுக்கு யாரோ ஒரு ஆள்."

"இது செத்த போர்டு மேடம்."

"முப்பது வருஷம் டிவி கடையில எதைண்ணே சரி பண்ணீங்க?"

"அந்த வேலை வேண்டாம்னுதானே இங்க வந்தேன்."

"அரை மணி நேரம் உயிர் வந்தாப் போதும். முழுசா சரியாகணும்னு இல்ல. அந்தச் சில்லுப் பக்கம் சூடு போகக் கூடாது. வேற எந்த செட்டிங்கையும் தொடாதீங்க. பழைய மாதிரியே இருந்தாத்தான் நம்பும்."

தணிகாசலம் முனகிக்கொண்டே மீட்டரை எடுத்தார். மின்சாரம் நுழையும் இடத்தில் ஒரு கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று கருகியிருந்தது. காயலான் கடைப் போர்டு ஒன்றிலிருந்து இரண்டைப் பெயர்த்து வைத்தார். சாப்பாட்டு நேரம் போனது. பூங்கோதை வாங்கி வந்த தேநீர் ஆறிப்போனது. மூன்று மணிக்குப் போர்டை லேப்டாப்பில் பொருத்தியதும் அதன் விசிறி சுற்றியது. டிஸ்க்கை மாட்டினார்கள்.

அது எந்த எண்ணையும் கேட்கவில்லை. பழைய பாஸ்வேர்டைத்தான் கேட்டது. பூங்கோதை தட்டினார். இருபத்துமூன்று கிணறுகளும் வரிசையாக வந்து நின்றன. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரெஜினா முதலில் அளவுகளை மூன்று பென்டிரைவில் எடுத்தார். அப்புறம் அந்த நாற்பத்தெட்டு இலக்கத்தைத் திரையில் வரவழைத்து, பூங்கோதையின் கையாலேயே இரண்டு தாளில் எழுத வைத்தார்.

"ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாதுக்கா. டிஸ்க் கூடவும் இருக்கக் கூடாது."

பழைய போர்டு கொதிக்க ஆரம்பித்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதுப் போர்டை மறுபடி மாட்டினார். திரை மீண்டும் எண்ணைக் கேட்டு நின்றது. அதைத் தட்டுவதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவர் சபாபதி, சாய ஆலையின் மேனேஜர். வணக்கம் எதுவும் வைக்கவில்லை. போர்டு மாற்றிய கடையில் விசாரித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார்.

"எங்க மேல கேஸ் போட்டிருக்காங்க. அதுல என்ன இருக்குன்னு நாங்களும் பாக்கணும். திறங்க."

தணிகாசலம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ரெஜினா அவரைக் கையமர்த்தினார். லேப்டாப்பை சபாபதியின் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்களே கேட்டுப் பாருங்க சார்."

சபாபதி குனிந்து எதையோ தட்டினார். மாட்டேன் என்றது. மறுபடி தட்டினார். மறுபடியும் அதே பதில். ஊரில் பல கதவுகள் அவருக்குத் தட்டாமலே திறந்திருக்கின்றன. முகம் சிவந்துவிட்டது.

"யார் வந்து கேட்டாலும் திறக்காத பூட்டு எதுக்கும்மா?"

ரெஜினா அவரைப் பார்க்கவில்லை. தணிகாசலத்தைத்தான் பார்த்தார்.

"இதுக்குத்தாண்ணே."