இசக்கிமுத்துவின் காதில் விழுந்தது

"என் பேச்சை இங்க ஒருத்தனும் கேக்க மாட்டேங்கிறான் தாயே" என்றார் சங்கரநயினார்.

உலகம்மையார் கூடத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். மலையடிவாரத்து மடத்துக்கு அவர்தான் தலைவி. வயது நாற்பதைத் தொடவில்லை.

நயினாருக்கு அறுபது தாண்டிவிட்டது. கூரை ஓட்டுத் தொழிற்சாலையில் பெரிய ஆள்கூட்டத்தைக் கட்டி மேய்த்தவர். போதும் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து அம்மையாரிடம் தீட்சை வாங்கிக்கொண்டார். சும்மா இருக்கத் தெரியாதவர். அதனால் மடைப்பள்ளிப் பொறுப்பை அம்மையார் அவரிடம் கொடுத்திருந்தார்.

"அமாவாசை அன்னிக்கு நடந்ததைச் சொல்றீங்களா?"

"வேற எதைச் சொல்வேன்?"

அன்று மலைக்கு வந்த கூட்டம் முழுவதும் பந்தியில் உட்கார்ந்து காத்திருந்தது. அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. அடுப்பு மங்கிக்கொண்டே வந்தது. விறகு பாதிக்கு மேல் அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மடைப்பள்ளி வாசலில் நின்ற நயினார் அதைப் பார்த்தார். "தள்ளு, சீக்கிரம் தள்ளு!" என்று கத்தினார்.

அடுப்பருகே நின்ற இசக்கிமுத்து அண்டாவைத் தள்ளினான்.

அண்டா சாய்ந்தது. சோறும் கொதிநீரும் தரையெல்லாம் ஓடின. இசக்கிமுத்துவுக்குப் பாதங்கள் இரண்டும் வெந்துபோயின. பந்தியில் இருந்தவர்கள் வெறும் இலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள்.

"நான் விறகைத் தள்ளச் சொன்னேன். அவன் அண்டாவைத் தள்ளிட்டான்" என்றார் நயினார். "கால் ஆறுற வரைக்கும் இருக்கட்டும். வைத்தியம் பாப்போம். அப்புறம் அவனை ஊருக்கு அனுப்பிடணும் தாயே. இல்லேன்னா நாளைக்கு இன்னொருத்தன் கால் வேகும்."

அம்மையார் நாரை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"அனுப்பிடலாம். அதுக்கு முந்தி, அன்னிக்கு அவன் காதில என்ன விழுந்துச்சுன்னு கேட்டுட்டு வாங்க."

"நான் சொன்னதுதான் விழுந்திருக்கும்."

"அது உங்க வாயில இருந்து வந்தது. அவன் காதில விழுந்ததைக் கேக்குறேன்."

நயினார் போனார்.

மடத்துப் பின்கட்டில் இசக்கிமுத்து பாயில் படுத்திருந்தான். கால்களில் வாழையிலை சுற்றியிருந்தது. நயினாரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை.

நயினார் நிலைப்படியில் நின்றார்.

"ஏன்டா, விறகைத் தள்ளுன்னுதானே நான் சொன்னேன்?"

"ஆமாய்யா."

"அதுதானே உன் காதில விழுந்துச்சு?"

"ஆமாய்யா."

"அப்புறம் ஏன்டா அண்டாவைத் தள்ளினே?"

"தப்புதான்யா."

நயினார் நிம்மதியோடு திரும்பி வந்தார்.

"ஒத்துக்கிட்டான் தாயே."

"எதை?"

"விறகுன்னுதான் காதில விழுந்துச்சாம்."

"நீங்க விறகுன்னு சொன்னீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார் நயினார். அன்று கத்தியதை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். இன்னொரு தடவையும் ஓட்டிப் பார்த்தார். எத்தனை தேடியும் அதில் விறகு என்ற சொல் அகப்படவில்லை.

"நீங்க சொல்லாத வார்த்தை அவன் காதில எப்படி விழுந்துச்சு?" என்று கேட்டார் அம்மையார்.

நயினார் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"திரும்பப் போங்க. இந்தத் தடவை உக்காந்து கேளுங்க."

வெயில் ஏறியிருந்தது. நயினார் பின்கட்டுக்குப் போய்ப் பாயை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். இசக்கிமுத்து பதறிப்போய்க் கால்களை இழுத்துக்கொண்டான். வலியில் பல்லைக் கடித்தான்.

"இருக்கட்டும், நீட்டிக்கோ."

அதற்கு மேல் என்ன கேட்பது என்று நயினாருக்குத் தெரியவில்லை. தொழிற்சாலையிலும் சரி, இங்கேயும் சரி, பதிலைக் கேள்விக்குள் வைத்தே கேட்டுப் பழகியவர். ஆமாம் என்பதைத் தவிர எதிரே நிற்பவனுக்கு வேறு வழி இருந்ததில்லை.

இலைக்கட்டின் மேல் ஈ வந்து உட்கார்ந்தது. நயினார் தோளில் கிடந்த துண்டை எடுத்து விசிறினார். ஈ போயிற்று. அவர் விசிறுவதை நிறுத்தவில்லை.

இசக்கிமுத்து கண்களை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்றுதான் நயினார் நினைத்தார்.

"ஒண்ணும் சரியாக் கேக்கலைய்யா" என்றான் அவன்.

"என்னப்பா?"

"அன்னிக்கு. ஒருபக்கம் உலை கொதிக்கிற சத்தம். ஒருபக்கம் பாத்திரம் கழுவுற சத்தம். தள்ளுன்னு மட்டும் கேட்டுச்சு. எதைன்னு தெரியலை. உங்க மூஞ்சியப் பாத்தேன். பயமா இருந்துச்சு. எதையாவது தள்ளியாகணும்னு தோணுச்சு. கைக்கு முன்னாடி அண்டாதான்யா இருந்துச்சு."

"எதைத் தள்ளணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா?"

இசக்கிமுத்து கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான்.

"உங்ககிட்டயாய்யா?"

துண்டு ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் மெதுவாக அசைந்தது.

நயினார் கூடத்துக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது.

"கேட்டீங்களா?" என்றார் அம்மையார்.

"கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

நயினார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவன் இங்கேயே இருக்கட்டும் தாயே. மடைப்பள்ளியை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க."

"பௌர்ணமிக்குக் கூட்டம் வரும். நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு அம்மையார் உள்ளே போனார்.

பௌர்ணமி வந்தது. பந்தியில் இடமில்லாமல் மடத்து வாசல் வரை ஆட்கள் நின்றார்கள். மடைப்பள்ளியில் சோறு ஓர் அடுப்பிலும் சாம்பார் இன்னோர் அடுப்பிலும் கொதித்தன. சாம்பார் அடுப்பில் தீ அண்டாவின் விளிம்பு வரை எழுந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் அடி பிடித்துவிடும்.

நயினாருக்குக் கத்தல் தொண்டை வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். மடைப்பள்ளி வாசலில் நின்றிருந்தவர் உள்ளே வந்து, அடுப்பருகே வேலை செய்துகொண்டிருந்த பேச்சியம்மாளின் பக்கத்தில் போய் நின்றார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"பேச்சியம்மா, சாம்பார் அடுப்புல இருக்கிற விறகை வெளியே இழுக்கணும். நான் என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்?"

அவள் மிரண்டுபோய்ச் சுற்றிலும் பார்த்தாள்.

"சாம்பார் அடுப்பு விறகை வெளியே இழுக்கணும்யா."

"சரி."

அவள் குனிந்து விறகில் கை வைத்தாள். இழுக்கவில்லை. நிமிர்ந்தாள்.

"அய்யா..."

"சொல்லும்மா."

"எல்லா விறகையுமாய்யா? இல்ல, ரெண்டு மூணு மட்டும் போதுமா?"

காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. பாத்திரம் கழுவும் சத்தமும் நின்றது. எல்லோரும் நயினாரின் முகத்தையே பார்த்தார்கள்.

சங்கரநயினார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் தெரிந்தது, அதை அவரே இன்னும் முடிவு செய்யவில்லை.

"இரு தாயீ" என்றார். "யோசிச்சுச் சொல்றேன்."